ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள், என்ன சிகிச்சை?

பட்டர்வொர்த்தில் இருக்கும் அப்பாவுக்கு 63 வயது, மார்புக் காம்பில் இரத்தம் கசிகிறது, கூச்சப்பட்டு யாரிடமும் காட்ட மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இந்த வாரமே அழைத்துப் போங்கள். அரசாங்க கிளினிக்கில் காட்டினால் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள்.

மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். பெரும்பாலும் பால்நாளத்தில் தொடங்கும் வகைதான். அரிய வகைகள்தாம் ஏமாற்றும். பேஜெட் வகை காம்பில் சாதாரணச் சொறி போலவே இருக்கும்; கிரீம் தடவியே மாதங்கள் ஓடிவிடும். பாப்பிலரி வகையில் இரத்தம் கசியலாம், ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி போலத் தெரியலாம். நீரை மட்டும் உறிஞ்சிச் சோதித்தால் தவறிவிடக்கூடும். அதனால் மேமோகிராம், அல்ட்ராசவுண்டுக்கு அப்புறம் திசுத்துண்டு எடுக்கும் பயாப்சி பற்றிக் கேளுங்கள். கசிவு எல்லாமே புற்றுநோய் அல்ல, அதையும் பயாப்சிதான் சொல்லும்.

புற்றுநோய்தான் என்றால், வழக்கமாக மார்பகத்தை அகற்றி அக்குள் நிணநீர்க்கணுவையும் சோதிப்பார்கள். ஆண்களில் 10க்கு 9 கட்டிகள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரக்கூடியவை. அந்த ஹார்மோன் கட்டியைத் தூண்டாமல் தடுக்கத் தமோக்சிஃபென் மாத்திரை, பொதுவாக 5 ஆண்டுகள். உடல் சூடு, மனச்சோர்வு என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடவிடாதீர்கள், டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

சரி, உங்களுக்கும் ஒன்று: மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 (BRCA2) மரபணு மாற்றம் குடும்பத்தில் இறங்கக்கூடியது. அப்பாவுக்கு உறுதியானால் மரபணுச் சோதனை பற்றி நீங்களும் கேளுங்கள்.