சஸ்டெய்னபிலிட்டி படிப்பு சோறு போடுமா?

கொளத்தூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு 'சஸ்டெய்னபிலிட்டிதான் (இயற்கையையும் மக்களையும் கெடுக்காமல் வளர்வது பற்றிய படிப்பு) படிப்பேன்' என்று பிடிவாதமாக நிற்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் இளங்கலையிலேயே அந்தப் பெயர் போட்ட படிப்பில் சேர்க்காதீர்கள்.

சென்னை ஐஐடியில் குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியையும் ஆர்செனிக்கையும் நீக்க வழி கண்ட பேராசிரியர் டி. பிரதீப் வேதியியல்காரர். அதே வளாகத்தில், கால் முடியாதவர்கள் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை உருவாக்கிய குழுவின் தலைவர் சுஜாதா சீனிவாசன் மெக்கானிக்கல் துறை. முதலில் ஒரு பாடத்தில் கை தேர்ந்தார்கள், பிறகு அதை மக்கள் பிரச்சினை மேல் திருப்பினார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் பழையது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். (நம் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே அப்படித்தான்.) 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் அந்த முடிவு வெளியானது. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறத் தொடங்கியது. அதற்கு டாக்டர்கள் மட்டும் போதவில்லை. யாரை எந்தப் பக்கம் சேர்ப்பது, வந்த எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்த புள்ளியியல் ஆட்களும் வேண்டியிருந்தது.

அதனால் வேதியியல், சிவில், புள்ளியியல், பொருளாதாரம் இவற்றில் அவளுக்கு எது இனிக்கிறதோ அதை எடுக்கட்டும். அப்புறம் முதுகலையில் திரும்பிக்கொள்ளலாம், ஊரை விட்டுப் போகக்கூட வேண்டாம். கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்குப் பேர் போனது. சமூகப்பணி என்றால் எழும்பூரில், 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் பிடித்தால் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம்.

வேலைக்கு வருகிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பங்குச்சந்தையில் மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் நலன் பற்றி வருடாவருடம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி அறிக்கை தர வேண்டும். அந்தக் கணக்கைப் போட ஆள் தேவை. தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். வீட்டுக் கடன் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பச்சை இலை போட்ட பிராஸ்பெக்டஸை நம்பி ஒரு பையனை ஒரு கல்லூரிக்கு நானே அனுப்பினேன். அங்கே லேப் என்று இருந்தது பூட்டிய அறை. அதிலிருந்து யாரிடமும் சொல்வது இதுதான்: நேரில் போய் லேபைத் திறக்கச் சொல்லுங்கள், போன வருட மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.

லீவு முடிவதற்குள் மகளைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலப் பக்கம் ஒருமுறை கூட்டிப்போங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம், பக்கத்திலேயே பெருங்குடி குப்பைமேடு. அதைப் பார்த்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியா, அங்கே குடியிருப்பவர்களைப் பற்றியா, செலவைப் பற்றியா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அப்படியே கட் ஆஃப் மார்க்கையும். அதை எழுதவே மறந்துவிட்டீர்கள்.