8 போர்ட் சுவிட்சுகளைத் தொடராகப் போட்டால் போதுமா?

திருப்பூரில் பனியன் யூனிட். ஆபீஸ், கட்டிங், குடோன் என்று மூன்று கட்டிடம், 40 கம்ப்யூட்டர், 16 கேமரா. இவற்றை நெட்வொர்க்கில் இணைக்க எட்டு போர்ட் (வயர் சொருகும் துளை) உள்ள நெட்வொர்க் சுவிட்சுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்தால் ஓடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓடுமுங்க. நடுவில் ஒரு அடாப்டர் புகையும்வரை ஓடும். அப்புறம் அதற்கு அந்தப்பக்கம் இருப்பதெல்லாம் படுத்துக்கொள்ளும். ஆபீசில் எஸ்எஃப்பி துளை (ஃபைபர் லைன் இணைப்பதற்கு) உள்ள 24 போர்ட் கிகாபிட் மேனேஜ்டு சுவிட்ச், அதாவது செட்டிங் போட்டுக் கட்டுப்படுத்தக்கூடியது, ஒன்று வையுங்கள். மற்ற இரண்டு கட்டிடத்துக்கும் அதிலிருந்து நேராகத் தனித்தனி லைன். 'மேனேஜ்டு எதுக்கு, தண்டச் செலவு' என்று யாராவது கீழே எழுதுவார்கள். தொங்குகிற ஒரு வயரின் இரண்டு முனையையும் கட்டிங் ஆள் ஒரே சுவிட்சில் சொருகினால் டேட்டா சுற்றிச் சுற்றி ஓடி எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும், பில்லிங் வரை நின்றுபோகும். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்துத் தடுக்கும் லூப் புரொடெக்‌ஷன் போட்டிருந்தால் நடு சுவிட்ச் கட்டிங் போர்ட்டை மட்டும் அடைத்துவிடும்.

காப்பர் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. குடோன் 70 மீட்டர் என்பீர்கள். சுவரேறி, சீலிங் சுற்றி, இறங்கி வந்தால் 110 ஆகிவிடும். கட்டிடங்களுக்கு நடுவில் தூரம் குறைவானாலும் சிங்கிள் மோட் ஃபைபரே (ஒளியில் டேட்டா போகும் கண்ணாடி இழை கேபிள்) போடுங்கள், அதுவும் இரும்புக் கவசம் இல்லாதது. இடி விழுந்தால் காப்பர் வழியாக இரண்டு பக்க சுவிட்சும் போகும். இரண்டு கோர் (உள்ளே இருக்கும் இழை) போதும், ஆனால் ஆறு கோராக இழுத்துவிடுங்கள். பள்ளம் தோண்டுகிற கூலி இரண்டாவது தடவை வேண்டாமே.

கேமராவுக்குப் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் கொடுப்பது) வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மொத்த வாட்டையும் பாருங்கள். கேமராவுக்கு 8 வாட் என்றால் பதினாறுக்கு 128. 120 வாட் சுவிட்ச் பகலில் தாங்கும். இருட்டி, கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் ஒவ்வொரு கேமராவாக அணைந்து அணைந்து வரும்.

கேமராவைக் குறை சொல்லுமுன் வயரைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசின அலுமினியம். கேட் 6 (நெட்வொர்க் வயரின் ஒரு தரம்) என்று அச்சடித்தே விற்கிறார்கள், பில்லும் தருகிறார்கள், கேட்டால் 'எல்லாரும் இதத்தானுங்க போடறாங்க'. மின்தடை அதிகம், நீண்ட லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும், முறுக்கினால் ஒடியும்.

கட்டிங்கில் ஃபேன் இல்லாத சுவிட்சாக வையுங்கள். ஃபேன் இருந்தால் பஞ்சு அடைத்துக்கொள்ளும்.