வந்தாறுமூலைக்குத் தங்கச்சியை அனுப்பலாமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலேயே வளர்ந்த தங்கச்சிக்கு மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தில விவசாயம் கிடைச்சிருக்கு, அம்மா “அந்தக் காட்டுக்கா?” எண்டு அழுகிறா, காசு கட்டி இங்க ஒரு தனியார் டிகிரிக்கு விடுவமா எண்டு கேட்டிருந்தீங்கள். விடாதீங்க தம்பி. நானும் வெள்ளவத்தையில இருந்து அங்க போய்ப் படிச்சவள்தான்.

முதல்ல கடிதத்தில எந்த வளாகம் எண்டு பாருங்க. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையிலயும் வளாகம் இருக்கு, கல்லடியில விபுலானந்தர் நிறுவகம் இருக்கு. விவசாயம் வந்தாறுமூலைதான். 1981இல பல்கலைக்கழகக் கல்லூரியாத் தொடங்கினபோதே இருந்த பாடம் அது, 1986இலதான் முழுப் பல்கலைக்கழகம் ஆனது.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல இரவு ரயில் ஏறினா விடிய ஏறாவூர். அங்கயிருந்து ஆட்டோவில கொஞ்சத் தூரம். அம்மா நினைக்கிற காடு இல்லை, வாசலால மட்டக்களப்பு பஸ் போகுது. ஆனா ஆடி மாசக் கச்சான் காத்தை மட்டும் குறைச்சு நினைக்கக் கூடாது. தலையணையைத் தொட்டாலே சுடும், முதல் கிழமை நான் நனைச்ச துவாயைப் போர்த்திக்கொண்டு படுத்தனான். மார்கழியில அதே இடம் வெள்ளம், அதுக்கு ஒரு சோடி றப்பர் செருப்பு.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பியுங்க. பாடம் ஆங்கிலத்தில, அதுதான் உண்மையான கஷ்டம், இப்பவே வாசிக்கத் தொடங்கட்டும். பதிவுத் திகதியைத் தவற விட்டா இடம் போயிடும். அம்மாவை ஒருக்கா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க, திரும்பேக்க ஒரு சட்டி தயிரும் வாங்கலாம்.