'கிளேவ் இளவரசி' நாவல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முதல் இருபது பக்கம் முழுக்கப் பெயர்கள். எப்படித் தாண்டுவது?

பதில்: இது பிரெஞ்சு அரண்மனைச் சூழ்ச்சிக் கதை; மணமான நாயகிதான் கிளேவ் இளவரசி. பலரும் அந்தப் பெயர்களிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான்கு பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அரசர் இரண்டாம் ஹென்றி, அவரைத் தன் பிடியில் வைத்திருக்கும் காதலி தியான், பட்டத்து இளவரசரின் மனைவி மேரி ஸ்டூவர்ட், ஊரே மயங்கும், நாயகிமேல் காதல்கொள்ளும் நெமூர் பிரபு. மற்றவர்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எழுதியவர் பெண் என்பது உண்மையா?

பதில்: ஆமாம், மதாம் த லஃபாயேத். 1678இல் நாவல் பெயரில்லாமல்தான் வந்தது. அதே ஆண்டு ஒரு கடிதத்தில், தான் எழுதவில்லை என்று மறுத்துவிட்டு நாவலை நன்றாகவே பாராட்டியும் இருக்கிறார்!

கேள்வி: அரண்மனைச் சூழ்ச்சி என்கிறீர்கள். விஷமும் இல்லை, வாளும் இல்லையே?

பதில்: இங்கே ஆயுதம் கண்ணும் காதும்தான். ஒரு காட்சியைப் பாருங்கள். மேரி ஸ்டூவர்ட்டின் அறையில் கூட்டம். மேசைமேல் நாயகியின் சின்ன ஓவியம் ஒன்று கிடக்கிறது. அவள் கணவருக்குச் சொந்தமானது. மேசைக்கு முதுகைக் காட்டி நிற்கும் நெமூர், தலையைத் திருப்பாமலே அதை எடுத்துக்கொள்கிறார். பாதி மூடிய கட்டில் திரை வழியே அவள் பார்த்துவிடுகிறாள். எல்லோர் முன்னாலும் கேட்டால் அவர் காதல் அம்பலமாகும். தனியே கேட்டால், காதலைச் சொல்ல அவருக்கு அவளே வழிவிட்டதாகும். வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தையே நெமூர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். இதைவிடக் கூர்மையான சூழ்ச்சிக் காட்சியை நான் படித்ததில்லை.

கேள்வி: கதை மாந்தர்கள் நிஜமானவர்களா?

பதில்: நாயகியும் அவள் தாயும் கற்பனை. நெமூர் வரலாற்றில் இருந்தவர். ஈட்டிப் போட்டியில் காயம்பட்டு, 1559 ஜூலை 10 அன்று அரசர் ஹென்றி இறந்ததும் நிஜமாகவே நடந்ததுதான். அதே போட்டிக்கு நெமூர் மஞ்சளும் கறுப்பும் அணிந்து வருகிறார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. தனக்கு மஞ்சள் பிடிக்கும், பொன்னிறக் கூந்தலுக்குப் பொருந்தாததால் அணிவதில்லை என்று அவள் எப்போதோ சொன்னது அவளுக்கு மட்டும் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: இன்னொருவர்மீது மனம் போகிறது என்று கணவரிடமே சொல்வாளா ஒருத்தி?

பதில்: நாயகி அப்படித்தான் சொல்கிறாள். 1678லும் இதே சண்டைதான். 'மெர்க்யூர் கலான்' இதழ் இதை வாசகர்களிடமே கேள்வியாக வைத்தது. அவள் செய்தது சரி என்பேன். பெயரைச் சொல்லவில்லை; அரண்மனையை விட்டு விலகியிருக்க அனுமதி கேட்கிறாள், அவ்வளவுதான். ஆனால் குலோமியே மாளிகைத் தோட்டத்தில் ஒளிந்திருந்த நெமூர் அத்தனையும் கேட்டுவிடுகிறார். மனசு தாங்காமல், யாருக்கோ நடந்ததுபோல நண்பரிடம் சொல்கிறார். அது வாய் மாறி மாறிக் கடைசியில் அவள் காதுக்கே வருகிறது. அப்புறம் கணவனும் மனைவியும், 'நீதான் வெளியே சொன்னாய்' என்று ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு பிசைந்தது.

கேள்வி: கணவர் இறந்த பிறகும் நெமூரை ஏன் மறுக்கிறாள்?

பதில்: நெமூர் இரவில் அவள் தோட்டத்துக்குள் போனதாக ஒற்றன் சொன்ன அரைகுறைச் சேதியை நம்பி, மனமுடைந்து செத்தவர் அவள் கணவர். அந்தக் குற்ற உணர்வு மட்டுமே காரணம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். கடைசி உரையாடலை மறுபடி நிதானமாகப் படியுங்கள். தடைகள் இருந்ததால்தான் உங்கள் காதல் நிலைத்தது, மணந்தால் ஒருநாள் அது தீர்ந்துவிடும் என்று நெமூரின் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அவரைக் காதலிப்பதையும் அதே பேச்சில் ஒப்புக்கொள்கிறாள். பிறகு அவள் அவரைப் பார்ப்பதே இல்லை.