மேலே போனவை யாருடைய செய்மதிகள்?

அன்புள்ள ஐயா,

கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசு கொஞ்சம் கையில் இருக்கிறது. விண்வெளிக் கம்பனிகளில் போட்டால் பத்து வருடத்தில் நாலு மடங்காகும் என்கிறார் இங்கே ஒருவர். பங்கு வாங்கித் தருவதும் அவர்தான். நண்பர்களோ, ரொக்கெட், செய்மதி, இணையம் எல்லாம் ஒரே ஆளின் கைக்குப் போகிறது, அதற்கு நீயும் காசு கொடுக்கிறாயா என்று ஏசுகிறார்கள். போடலாமா?

வ., கிளிநொச்சி

தம்பி,

காசுக் கதையை முதலில் முடிப்போம். வேர்ஜின் ஓர்பிட் என்றொரு கம்பனி 2021 கடைசியில் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்தது. 2023 ஜனவரியில் அதன் ரொக்கெட் சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்தது. ஏப்ரலில் வங்குரோத்து. அதைத் தொடங்கிய பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ரிச்சர்ட் பிரான்சனின் பெயர் இருந்தும் தப்பவில்லை. நாலு மடங்கு என்பவரிடம் இதையும் சொல்லிப் பாரும்.

உமது நண்பர்கள் சொல்வதுதான் என்னை எழுத வைத்தது. ஒரே ஆளாம்! ஸ்பேஸ்எக்ஸ் ரொக்கெட் கம்பனிக்காரர் எலோன் மஸ்க்கைத்தான் சொல்கிறார்கள். அவரை ஏசுவது சுலபம். அவருடைய செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கூரையில் அந்தத் தட்டைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்தான். அது கிடக்கட்டும்.

2009 மே மாதம் நாங்கள் முள்ளிவாய்க்காலில் இருந்தோம். பங்கருக்கு மண்மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. அம்மா தன் கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்தா. சரிகைக் கரையில் ஊசி இறங்கவில்லை. பல்லால் கடித்து நூலை இழுத்தா. போன் இல்லை, பத்திரிகை இல்லை, நடப்பதைப் படமெடுக்க வெளியாள் எவருமில்லை. ஆனால் தலைக்கு மேலே தனியார் செய்மதிகள் போய்க்கொண்டிருந்தன. மே 6, 10 ஆகிய திகதிகளில் அவை எடுத்த படங்களை அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் படத்தில் நெருக்கமாகத் தெரிந்த தறப்பாள் கொட்டில்களில் பல, நாலு நாள் கழித்து எடுத்த படத்தில் இல்லை.

அந்தப் படங்கள் வெளியே வந்தது எப்படி? விலைக்கு இருந்தன, கேட்டவர்களுக்குக் கிடைத்தன. வேறொருவன் முந்திக்கொண்டு முழுவதையும் வாங்கியிருந்தால்? 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் குண்டு விழத் தொடங்கியதும், இக்கோனோஸ் என்ற தனியார் செய்மதி அந்த நாட்டுக்கு மேல் எடுத்த படங்களின் முழு உரிமையையும் அமெரிக்க அரசு காசு கொடுத்து வாங்கிவிட்டது. தடையுத்தரவு ஒன்றும் தேவைப்படவில்லை, காசோலை போதுமாக இருந்தது. 2025 மார்ச்சில் மக்ஸார் என்ற அமெரிக்கக் கம்பனியின் செய்மதிப் படங்களை உக்ரைன் சில நாட்கள் பார்க்க முடியாமல் போனதும் வாஷிங்டன் சொன்னபடியால்தான்.

மஸ்க்கின் கதையும் அப்படித்தான். ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ரொக்கெட்டும் விழுந்து, நாலாவது 2008 செப்டெம்பரில் மேலே போனது. கம்பனியில் காசு தீர்ந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில் 160 கோடி டொலர் ஒப்பந்தம் கொடுத்தது நாசா. பெரிய வாடிக்கையாளன் அரசாங்கம், ஐயா! அதை விட்டுவிட்டு ஒருவனின் முகத்தைப் பார்த்து ஏசுவது சோம்பேறி வேலை. செய்மதியை எவன் வைத்திருந்தாலென்ன, படம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று தீர்மானிப்பவன் யாரென்று கேட்கச் சொல்லும்.

உமது முகவரிடம் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கும். பங்கு யார் பெயரில் பதிவாகும்? விற்க நினைத்தால் யாரிடம் விற்பது? "அதெல்லாம் நான் பாக்கிறன் தம்பி" என்றால், காசை அண்ணாவுக்கே திருப்பி அனுப்பிவிடும்.