வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்

கேள்வி: எனக்கு வயது 41. பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறேன். மனைவி அழுததைப் பார்த்து, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் ஒன்றின் முகவரியைத் தேடிப் பிடித்துப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது உள்ளே இருந்தால்? எழுந்து நின்று பேசச் சொன்னால்? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்லை. நான் குடிநோயாளிதானா என்பதே சந்தேகம். காலையில் கை நடுங்கும், கொஞ்சம் குடித்தால் நின்றுவிடும், அவ்வளவுதான்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "அவ்வளவுதான்" என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்தியது. காலை நடுக்கம் குடித்தால் அடங்குகிறது என்றால், உங்கள் உடல் மது இல்லாமல் இயங்க மறக்கத் தொடங்கிவிட்டது. இந்த நிலையில் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், ஆள் அடையாளம் குழம்பும், காய்ச்சல் ஏறும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அளவைப் பாதியாக்கிச் சொல்லாதீர்கள். (எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்பது அவருக்கும் தெரியும்.) சில நாள் மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமினும், கண்காணிப்பும் இருந்தால் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகக் கடந்துவிடலாம்.

அதுவரை கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நீங்கள் தேடிப்போனது போன்ற கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., உறுப்பினராவதற்குக் கேட்பது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் குடிநோயாளியா இல்லையா என்று அங்கே தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கே ஓரளவு விளங்கிவிடும்.

தெரிந்தவர் இருந்தால் என்ன செய்வது என்கிறீர்கள். இருக்கலாம். அவரும் உங்களைப் பார்த்து அதே திடுக்கிடலோடு உட்கார்ந்திருப்பார்! அங்கே முழுப்பெயர் கேட்பதில்லை. யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் எல்லோரும் காக்கும் வழக்கம். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் இணையவழிக் கூட்டம் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு ஓரமாகக் கேட்கலாம். ஆனாலும் நேரில் போவதுதான் என் கட்சி. கூட்டம் முடிந்து ஆட்கள் கலையும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. யாராவது தன் தொலைபேசி எண்ணை நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கத் தோன்றும் நேரத்தில் அழைக்கத்தான் அது.

தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காதீர்கள். இந்த அமைப்பு பிறந்த கதையே இதற்குப் பதில். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், வந்த வியாபாரம் கைகூடாமல் ஓட்டலில் தனியாக இருந்தார். மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடித் தொலைபேசியில் பலரை அழைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. உதவி தேவைப்பட்டதே வில்சனுக்குத்தான். இன்றும் பழைய உறுப்பினர் புதியவரோடு உட்கார்ந்து பேசுவது தானும் குடிக்காமல் இருப்பதற்காகவும்தான்.

பேச வேண்டுமா? வேண்டாம். "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை. கட்டணம் கிடையாது. செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர்கள் போட வேண்டியதில்லை.

கடவுள் விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, "நாம் புரிந்துகொண்டபடி" என்ற அடைமொழியோடு. நம்பிக்கையில்லாத பலர் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்கு அது ஒட்டவில்லை என்றால், ஆன்மிகச் சாயல் இல்லாத ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்கள் உண்டு. ஒரு குழு பிடிக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் கைவிடாதீர்கள். குழுவுக்குக் குழு பேச்சும் ஆட்களும் மாறும்; நாலைந்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். யாராவது "மாத்திரையும் குடி மாதிரிதான், நிறுத்து" என்றால் மட்டும் காதில் வாங்காதீர்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம்.

அடுத்த முறை கிளம்பும் முன் அந்தக் குழுவின் எண்ணுக்கோ ஏ.ஏ. உதவி எண்ணுக்கோ ஒரு போன் போடுங்கள். பட்டியலில் இருக்கும் நேரமும் இடமும் சில சமயம் மாறியிருக்கும். "முதல்முறை வருகிறேன், யாராவது வாசலில் நிற்க முடியுமா?" என்றும் கேளுங்கள். இது அவர்களுக்குப் பழகிய கோரிக்கை. மனைவியோடு போக நினைத்தால் அது திறந்த கூட்டமா என்று விசாரியுங்கள். மூடிய கூட்டத்தில் குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டுமே இடம். மனைவிக்கென்று தனியாக அல்-அனான் இருக்கிறது, 1951 முதல் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக நடப்பது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர் அங்கே போகலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.