62-ம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. திருமங்கலத்தில் வீடு, மதுரையில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கே.கே. நகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம், சினிமா, பாட்டு என்று பேசுவோம். போன மாதம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். நானும், "ரெண்டு தடவை படிச்சிருக்கேன், பிரமாதம்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் 62-ம் பக்கத்தோடு நிற்கிறது, அடையாளத்துக்கு வைத்த திருமங்கலம் பஸ் டிக்கெட் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இப்போது அடுத்த கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றி இருபது நிமிடம் பேசு என்று சொல்லிவிட்டார்கள். 'கொட்டுக்காளி' படமும் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் அங்கே வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டிலோ அப்பா டி.எம்.எஸ்ஸோடு பாட்டு முடிந்துபோய்விட்டது என்கிறார், அதற்கும் தலையாட்டுகிறேன். எனக்கென்று ஒரு ரசனை இருக்கிறதா, இல்லையா? (பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: தம்பி, அந்த "ரெண்டு தடவை"தான் உங்களை மாட்டிவிட்டது. ஒரு தடவை என்று சொல்லியிருந்தால், படித்து நாளாச்சு, மறந்துபோச்சு என்று நழுவியிருக்கலாம். பொய்யிலாவது கொஞ்சம் சிக்கனம் வேண்டாமா? சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புத்தகத்தில் நானும் ஒருமுறை பாதி வழியில் இறங்கியவள்தான். நீங்கள் 62 வரைக்கும் போயிருக்கிறீர்கள், நான் அதற்கும் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

ஏன் இறங்கினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் அதுதானா என்று பாருங்கள். மதுரைக்கார எழுத்தாளர், கதாநாயகன் பெயர் பாண்டியன் என்றதும் வைகையும் மாசி வீதியும் வரும் என்று நினைத்துத் திறந்தேன். அது சுமத்ராவின் மெடான் நகரத்தில், கெர்க் ஸ்ட்ராட் என்ற வாயில் நுழையாத தெருவில், ஜப்பான்காரன் பட்டாளம் வந்து இறங்குகிற நேரத்தில் ஆரம்பிக்கிறது. மலாய்ச் சொல், டச்சுப் பெயர், வட்டிக்கடைப் பேச்சு, திடீரென்று பழந்தமிழ்ப் பாட்டின் ஓசை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. இன்னார் இன்னவர் என்று கையைப் பிடித்து யாரும் அறிமுகம் செய்துவைப்பதில்லை. சந்தைக்குள் நம்மைத் தள்ளிவிட்டு ஆசிரியர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு மழைநாளில் வேறு புத்தகம் கைக்கு எட்டாததால் மறுபடி எடுத்தேன். அந்தத் தடவை முதல் பக்கத்துக்குப் போகவில்லை. தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் அவர்கள் பினாங்குக்குப் போகும்போது புயலில் மாட்டுகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் சத்தம் போட்டுப் படித்தேன். வீட்டில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வாய்விட்டுப் படித்தால் அந்த வாக்கியங்கள் ஆடுகிறது தெரியும் தம்பி, மனசுக்குள் படித்தால் பாதிதான் கிடைக்கும். அப்புறம் பாண்டியன் எங்கேயோ கடல் கடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கிற இடங்களுக்குப் போனேன். அதற்குப் பிறகுதான் முதல் பக்கம். மலாய்ச் சொற்களுக்கு அர்த்தம் தேடவே இல்லை, கல்யாண வீட்டில் முகம் தெரியாத சொந்தக்காரர்களைக் கடந்து போகிற மாதிரி கடந்து போய்விட்டேன். நாலு நாளில் முடிந்துவிட்டது.

அந்த மனிதரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பேச்சுக்கு உதவும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சிங்கம்புணரிக்காரர். 1938-ல் சின்ன வயதில் இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போனவர், யுத்தமெல்லாம் முடிந்து 1946-ல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறை ஒன்றில் தனியாகவே காலத்தைக் கழித்தார். மொத்தம் எழுதியது இரண்டே நாவல். இந்த நாவல் எழுதி முடித்துப் பத்து வருஷம் போல அச்சுக்குப் போகாமல் கிடந்து 1972-ல்தான் புத்தகமாக வந்தது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இவர் மெடானை எழுதுகிறார், மெடானில் இருக்கிற பாண்டியன் மதுரையை நினைத்து ஏங்குகிறான். எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், இத்தனைக்கும் இது எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். பாண்டியன் எந்தச் சிக்கலில் மாட்டினாலும் அவனைவிடக் கெட்டிக்காரன் பக்கத்தில் ஒருத்தன்கூட இருப்பதில்லை, பாதிக்கு மேல் அது எனக்குச் சலித்தது. பெண்கள் அந்தக் கதையில் வருகிறார்கள், போகிறார்கள், ஒருத்திகூட மனசில் நிற்பதில்லை. இதைச் சொன்னால் உங்கள் மொட்டைமாடியில் சண்டைக்கு வருவார்களோ என்னவோ, வரட்டுமே.

இப்போது பொய்க்கு வருவோம். என் கதை உங்கள் கதைக்கு நேர் எதிர். எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, வாடகை நூலகத்தில் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' கிடைத்தது. காக்கி அட்டை போட்டு, வீட்டுக்குத் தெரியாமல், இரண்டு ராத்திரியில் படித்தேன். கந்தன் என்கிற ஒரு தரகனுடைய ஒரே ஒரு நாள்தான் மொத்தக் கதையும். எழுதியவர் இதே மதுரையில் தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், 1981-ல் இறந்துபோனார். படித்து முடித்த மறுநாள் ஆபீசுக்கு நடந்து போகும்போது, தினமும் பார்க்கிற அதே சந்து, அதே டீக்கடை பெஞ்சில் இருக்கிற அதே ஆட்கள், எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. யாரைப் பார்த்தும் முகத்தைச் சுளிக்க முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் அந்தப் புத்தகத்தின் பேரைச் சொல்லி, "படிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். "சீ, அதெல்லாம் நான் தொடவே மாட்டேன்" என்றேன். உடனே அவர் அது எவ்வளவு அசிங்கமான புத்தகம் என்று பத்து நிமிடம் விளக்கினார். அவர் சொன்ன எதுவுமே அந்தப் புத்தகத்தில் இல்லை. அவர் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது, ஆனால் வாயைத் திறந்தால் நான் படித்தது தெரிந்துவிடும். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தயிர்சாதம் தொண்டையிலேயே நிற்கிறது.

நீங்கள் படிக்காததைப் படித்தேன் என்றீர்கள், நான் படித்ததை இல்லை என்றேன். எதிரில் இருக்கிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற பயம்தான் இரண்டு பேருக்கும். ரசனை இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறீர்களே, அது இருக்கிறது, இல்லாவிட்டால் 62-ம் பக்கத்தில் எப்படி நின்றிருப்பீர்கள்? எதுவோ உங்களைத் தடுத்திருக்கிறது. அது என்ன என்று சொல்லத்தான் உங்களுக்கு இன்னும் பழக்கமில்லை.

'கொட்டுக்காளி'யிலும் அதுதான் நடந்திருக்கிறது. கடிதத்தில் "பிடிக்கவில்லை" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திவிட்டீர்கள், ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குப் பிடித்த படம் அது. பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள், போகிற வழிதான் படம். அவள் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. பின்னணி இசை சுத்தமாகக் கிடையாது. நான் பார்த்த தியேட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அரைமணி நேரம் பொறுத்துவிட்டு, "என்னடா, சவுண்டு சிஸ்டம் ரிப்பேரா?" என்று பக்கத்தில் கேட்டார். எனக்கோ அந்த ஆட்டோ சத்தமும், பொம்பளைகள் பேசுகிற பேச்சும், சேவல் சிறகடிக்கிறதும் போதுமாக இருந்தது. எங்கள் பக்கத்துக் குலசாமி கோயிலுக்கு வேன் பிடித்துப் போகும்போது கேட்கிற சத்தம்தானே. நடுவழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்க, அத்தனை மீசைக்கார ஆம்பிளைகளும் ஒதுங்கி நிற்கிறார்கள், ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். முடிவுதான் எனக்குக் கொஞ்சம் இடித்தது, படத்தை முடிக்காமல் நம் தலையில் கட்டிவிட்டுப் போன மாதிரி.

உங்களுக்கு எது இடித்தது? பாட்டு இல்லாததா, நீண்ட நேரம் ஒன்றும் நடக்காததா, இல்லை நம் வீட்டு ஆம்பிளைகளை அப்படிக் காட்டியதா? மூன்றாவதாக இருந்தால் அது முக்கியமான விஷயம், உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது. முதலாவதாக இருந்தால் அதிலும் தப்பில்லை, சினிமா என்றால் பாட்டு வேண்டும் என்று சொல்ல இந்த ஊர்க்காரனுக்கு முழு உரிமை உண்டு. இரண்டு நாள் யோசித்து ஒரு தாளில் நாலு வரி எழுதிப் பாருங்கள். "போர்" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் யாரோடும் பேச முடியாது.

அப்பா விஷயம் சின்னது, ஆனால் எனக்கு அதில்தான் ஆசை அதிகம். டி.எம்.எஸ்ஸைப் பற்றி அப்பாவிடம் தலையாட்டுவதை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த வருஷத்து டி.எம்.எஸ்-ப்பா?" 1922-ல் இதே மதுரையில் பிறந்தவர், இளம் வயதில் தியாகராஜ பாகவதர் மாதிரியே பாடிப் பேர் வாங்கியவர். 1950-ல் வந்த 'கிருஷ்ண விஜயம்'தான் அவருக்கு முதல் படம். அதில் 'ராதே' என்று தொடங்குகிற பாட்டைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாகவதரோ என்று தோன்றும். 1954-ல் சிவாஜிக்குத் 'தூக்குத் தூக்கி', எம்.ஜி.ஆருக்கு 'மலைக்கள்ளன்' என்று வருகிறபோது நமக்குத் தெரிந்த அந்தக் கம்பீரக் குரல் வந்துவிடுகிறது. நடுவில் இருந்த நாலு வருஷத்தில் அந்தத் தொண்டையில் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். இந்த மூன்று படத்துப் பாட்டையும் வரிசையாகப் போட்டு அப்பாவோடு உட்கார்ந்து கேளுங்கள். அதற்குப் பிறகு இளையராஜா பாட்டு ஒன்றை நீங்கள் போட்டால் அவர் எழுந்து போகமாட்டார் என்று நினைக்கிறேன். போனாலும் பரவாயில்லை, திண்ணை வரைக்கும்தான் போவார், அங்கேயும் பாட்டுக் கேட்கும்.

சரி, கூட்டத்துக்கு என்ன செய்வது? யூடியூபில் கதைச் சுருக்கம் பார்த்து ஒப்பேற்றலாம் என்று நினைத்திருப்பீர்கள், வேண்டாம். படித்தவர் ஒரே ஒருத்தர் எதிரில் இருந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துவிடும், அவரும் மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்பார், அது இன்னும் கொடுமை. காய்ச்சல் என்று சொல்லித் தப்பிப்பதும் வேண்டாம், அடுத்த மாதமும் அதே புத்தகம்தான் காத்திருக்கும். கூட்டத்தை நடத்துகிறவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, "அண்ணே, அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன், 62 பக்கம்தான் படிச்சிருக்கேன், ஆனா பேசுறேன்" என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பார். ஒரு வாரம் கிண்டல் ஓடும். அதிகபட்சம் அவ்வளவுதான்.

அப்புறம் மிச்சமிருக்கிற நாட்களில் நான் சொன்ன வழியில் படித்துப் பாருங்கள், தொங்கான், புயல், மதுரை நினைவு, அதற்குப் பிறகு முதல் பக்கம். திருமங்கலம் பஸ்ஸில் படிக்காதீர்கள், அந்தப் புத்தகத்துக்குக் கப்பல் ஆட்டமே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டால் ஏசியில் உட்கார்ந்து படிக்கலாம், போனை மட்டும் பைக்குள் போட்டுவிடுங்கள். முடித்துவிட்டீர்கள் என்றால் முடித்தவராகப் பேசுங்கள். இந்தத் தடவையும் 140-ம் பக்கத்தில் நின்றுவிட்டால், 62-ல் ஏன் நின்றேன், 140-ல் ஏன் நின்றேன் என்று பேசுங்கள். இருபது நிமிடம் போதாது, பாருங்கள். பிரமாதம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்ட கூட்டத்தில் எங்கே, எதனால் தடுக்கியது என்று ஒருத்தர் சொன்னால், இன்னும் இரண்டு பேராவது தாங்கள் நின்ற பக்க எண்ணைச் சொல்லக்கூடும். உங்கள் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் பார்த்தவர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அந்த பஸ் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். மை மங்குகிற தாள், ஒருநாள் வெறும் துண்டுக் காகிதமாகிவிடும், இருந்தாலும் இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள் தம்பி. அப்பா எந்த வருஷத்து டி.எம்.எஸ்ஸைச் சொன்னார் என்பதையும் சேர்த்து.